மெல்லிய தகட்டில் டிக் வெல்டிங்: பீடு ஏன் போகப்போக அகன்றுவிடுகிறது?

புதிதாக வெல்டிங் டார்ச் பிடித்தவர் 1 மி.மீ. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் போட்ட முதல் பீடை, அதாவது உருகி உறைந்த வெல்டிங் வரியைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் முத்து முத்தாக மேலே நிற்கும். நடுவில் நாலைந்து சென்டிமீட்டர் பார்க்க நன்றாகவே இருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல அகலமாகி, நிறம் கறுத்து, ஓரத்துக்கு வரும்போது ஓட்டை. "கை நடுங்கிடுச்சு" என்பார். நானும் முதல் ஆறு மாதம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கை நடுங்கியது உண்மைதான். ஆனால் ஓட்டை விழுந்தது அதனால் இல்லை. கல்லில் செதுக்கிய மாதிரி கை அசையாமல் இருந்து, ஆம்ப், வேகம், தூரம் மூன்றும் கடைசி வரை மாறாமல் போயிருந்தாலும் அந்த ஓட்டை விழுந்திருக்கும். நம் பக்கம் எதுவும் மாறவில்லை, தகடு மாறிவிட்டது. முதல் சென்டிமீட்டரில் அது குளிர்ந்த தகடு. பத்தாவது சென்டிமீட்டரில் அது ஏற்கெனவே பல நூறு டிகிரி ஏறிப்போன தகடு. அடுப்பைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்தாலும் முதல் தோசையும் ஐந்தாவது தோசையும் ஒரே மாதிரி வராதே, அந்தக் கதைதான். தோசை வார்ப்பவர் நடுநடுவே கல்லில் தண்ணீர் தெளித்துக்கொள்கிறார். வெல்டர் தண்ணீர் தெளிக்க முடியாது. வேறு வழிகளில் சமாளிக்க வேண்டும். அந்த வழிகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். மெல்லிய தகட்டில் அழகான பீடு என்பது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரே அளவு சூடு போய்ச் சேர்ந்தது என்பதற்கான தடயம், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இதை "ஆர்கான் வெல்டிங்" என்றால்தான் சட்டென்று புரியும். டிக் என்பது டங்ஸ்டன், இனர்ட், கேஸ் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்து. அமெரிக்காவில் நார்த்ராப் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தை ஒட்டுவதற்காக இதை உருவாக்கினார். மக்னீசியம் சூடான நிலையில் காற்றுப் பட்டாலே எரிய ஆரம்பித்துவிடும். அதனால் காற்றை விலக்க ஹீலியம் வாயுவைச் சுற்றிலும் ஊதினார். 1942-இல் காப்புரிமை கிடைத்தது. அவர் பயன்படுத்திய ஹீலியத்தின் இடத்தில் இன்று பெரும்பாலும் ஆர்கான் வந்துவிட்டது, முறை மாறவில்லை.

தகட்டு வேலைக்கு இது ஏன் ஏற்றது என்றால், இதில் சூடும் உலோகமும் தனித்தனி. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ராடுதான் மின்சாரத்தையும் கொண்டுவருகிறது, உலோகத்தையும் கொட்டுகிறது. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றும் குறையும். டிக்கில் வலது கையில் இருக்கும் டார்ச் சூட்டை மட்டும் தரும்; அதன் நுனியிலுள்ள டங்ஸ்டன் 3,400 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் உருகும் என்பதால் கரையாமல் நிற்கும். இடது கையில் இருக்கும் ராடை வேண்டும்போது தொட்டுக் கொடுக்கலாம், வேண்டாமென்றால் விலக்கிக்கொள்ளலாம். சூட்டுக்கு ஒரு கை, உலோகத்துக்கு ஒரு கை. காலில் ஆம்பைக் கூட்டிக் குறைக்கும் பெடல் இருந்தால் மூன்றாவது கட்டுப்பாடும் கிடைத்துவிடும். ஆனால் சின்னப் பட்டறைகளில் இருக்கும் இன்வெர்ட்டர் மெஷின்களில் பெடல் இருப்பது அபூர்வம், டார்ச்சில் உள்ள பட்டன்தான். அதனால் பெடல் இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உதாரணத்துக்கு 1.2 மி.மீ. தடிமன் உள்ள 304 என்ற ரக எஸ்எஸ் தகடுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். கடையில் 18 கேஜ் என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். ஓட்டல் சமையலறை மேசை, சிங்க் எல்லாம் இந்தச் சுற்றுவட்டத் தடிமனில்தான் வரும். பழகவும் இதுதான் நல்ல இடம். 0.8-க்குக் கீழே போனால் தப்பைப் பொறுத்துக்கொள்ளாது, 2 மி.மீ.-க்கு மேலே போனால் எல்லாத் தப்பையும் பொறுத்துக்கொள்ளும், ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

ஆம்பைக் குறைத்தால் சூடு குறையுமா?

ஆரம்பத்தில் எல்லாரும் ஏமாறுகிற இடம் இது. தடிமனில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 40 ஆம்ப் என்பது இரும்புக்குச் சொல்லும் பொதுக் கணக்கு. எஸ்எஸ்ஸுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போதும். ஆக 1.2 மி.மீ. தகட்டுக்கு 40, 45 ஆம்ப் வரும். ஓட்டை விழுந்த பயத்தில் புதியவர் என்ன செய்வார்? 25-க்குக் குறைப்பார். இப்போது ஆர்க் (டங்ஸ்டன் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே பாயும் மின்பொறி) எரியும், ஆனால் உலோகம் உடனே உருகாது. உருகட்டும் என்று காத்திருப்பார். உருகியதும் ஆமை வேகத்தில் நகர்வார். சூடு குறைந்துவிட்டது என்று நினைப்பார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்க்கின் வோல்டேஜைச் சுமாராக 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி, 60-ஆலும் பெருக்கி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறோமோ அதால் வகுத்தால், ஒரு மி.மீ. நீளத்துக்கு எத்தனை ஜூல் கொடுக்கிறோம் என்று வரும். 45 ஆம்பில் நிமிடத்துக்கு 120 மி.மீ. போனால் 225 ஜூல். 25 ஆம்பில் நிமிடத்துக்கு 40 மி.மீ. ஊர்ந்தால் 375 ஜூல். ஆம்பைப் பாதிக்குக் கிட்டத்தட்டக் குறைத்தோம். தகட்டுக்குப் போன சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! ஓட்டை விழாமல் தப்பினாலும் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துபோயிருக்கும், இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுத்திருக்கும்.

ஆகவே மெல்லிய தகட்டில் பயந்து பயந்து போவதுதான் ஆபத்து. தேவையான ஆம்ப் வைத்து, குட்டை உண்டான உடனே நகர்ந்துவிட வேண்டும். குட்டை என்று நான் சொல்வது, ஆர்க்குக்கு அடியில் உருகி மினுங்கும் அந்தச் சின்ன உலோகத் தேக்கத்தை. 1.2 தகட்டில் அது ஒரு உளுத்தம்பருப்பு அளவுக்கு இருந்தால் சரி. பட்டாணி அளவுக்கு வந்தால் ஏற்கெனவே தாமதம்.

எஸ்எஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் வம்பு பிடித்த உலோகம். சாதாரண இரும்பு கடத்தும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். கொடுத்த சூடு விலகிப் போகாமல் அங்கேயே நிற்கும். அதோடு சூட்டில் அது விரிவதும் அதிகம்: ஒரு மீட்டர் தகடு 100 டிகிரி ஏறினால் இரும்பு சுமார் 1.2 மி.மீ. நீளும், 304 சுமார் 1.7 மி.மீ. நீளும். சூடு ஒரே இடத்தில் நிற்கிறது, அந்த இடம் மட்டும் அதிகமாக விரிகிறது, சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடமாட்டேன் என்கிறது. தகடு வேறென்ன செய்யும், நெளிகிறது.

இடைவெளிதான் பாதி வேலை

ஆர்க்கைத் தட்டுவதற்கு முன்னாலேயே பீடின் தலைவிதி பெரும்பாலும் முடிவாகிவிடும். இரண்டு தகடுகளையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே ஓட்டை விழப்போகிறது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். காரணம் எளிது. இரண்டு விளிம்பும் தொட்டுக்கொண்டிருந்தால் உருகியதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நடுவில் அரை மி.மீ. இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு விளிம்பும் தன் பக்கமே சுருண்டு பின்வாங்கும். இடைவெளி இன்னும் பெரிதாகும். தடித்த பிளேட்டில் ராடு ஊட்டிச் சமாளிக்கலாம். மெல்லிய தகட்டில் ராடு ஊட்டுவதற்குள் கரை கரைந்துபோய்விடும்.

ஷியரிங் மெஷினில் வெட்டிய தகட்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். அதை அரத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அப்புறம் அசிட்டோன் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஆர்க். துடைக்கிற வேலைக்குப் பிரேக் கிளீனரை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும்; ஆர்க்கின் வெப்பமும் ஒளியும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக மாறும். கொஞ்சம் போதும், ஆளையே கொன்றுவிடும்.

அடுத்தது டேக் வைப்பது, அதாவது தகடுகள் நகராமல் இருக்க அங்கங்கே சின்னப் புள்ளியாக ஒட்டி வைப்பது. ஒரு முனையில் தொடங்கி வரிசையாக டேக் வைத்துக்கொண்டு போனால் மறுமுனை கத்தரிக்கோல் மாதிரி திறந்துகொள்ளும், இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று, அப்புறம் இரண்டு பாதிகளின் நடுவில் ஒவ்வொன்று என்று பிரித்துப் பிரித்துப் போங்கள். கடைசியில் 25, 30 மி.மீ.-க்கு ஒரு டேக் இருக்க வேண்டும். "இவ்வளவா?" என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான். டேக் மட்டும் 60, 70 ஆம்பில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 'டப்'பென்று முடித்துவிட வேண்டும். ஆம்ப் அதிகம், நேரம் குறைவு, மொத்தச் சூடு சொற்பம்: மேலே போட்ட அதே கணக்கு.

தகட்டுக்கு அடியில் ஒரு செம்புப் பட்டையை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. செம்பு எஸ்எஸ்ஸைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். மிச்சச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், தானும் ஒட்டாது. ஆர்க்கை நேராகச் செம்பில் அடித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தடித்த அலுமினியப் பட்டை இருந்தாலும் சரி. தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதற்கு நம்மிடம் இருக்கும் மாற்று இதுதான்.

டங்ஸ்டனும் வாயுவும்

இந்தத் தடிமனுக்கு 1.6 மி.மீ. டங்ஸ்டன் போதும். பட்டறையில் பொதுவாகக் கிடக்கும் 2.4 மி.மீ. தடிமனில் 40 ஆம்ப் வைத்தால் ஆர்க் நுனியில் நிற்காமல் அங்கும் இங்கும் அலையும். நிறத்தைப் பொறுத்தவரை நீலமோ தங்க நிறமோ வாங்குங்கள், இரண்டிலும் லாந்தனம் கலந்திருக்கும். சிவப்பில் இருப்பது தோரியம். லேசான கதிரியக்கம் உள்ளது. வெல்ட் செய்யும்போது அது பெரிய விஷயமில்லை, தீட்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பதுதான் கூடாது.

தீட்டும்போது கோடுகள் நுனியை நோக்கி நீளவாக்கில் ஓட வேண்டும். டங்ஸ்டனைக் குறுக்காக வைத்துத் தீட்டினால் வளையம் வளையமாகக் கோடு விழுந்து ஆர்க் நுனியை விட்டுப் பக்கவாட்டில் பாயும். கூர்ப்பகுதியின் நீளம் டங்ஸ்டனின் தடிமனைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கலாம். பட்டறைக்கு ஒரே கிரைண்டர் என்றால் அதன் கல்லில் இரும்புத் துகள் ஏறியிருக்கும். டங்ஸ்டனுக்கென்று தனிக் கல் வைத்துக்கொள்வது நல்லது. முக்கியமாக, டங்ஸ்டன் குட்டையில் பட்டுவிட்டால் நிறுத்துங்கள், எடுங்கள், தீட்டுங்கள். "இந்த ஒரு இன்ச் மட்டும் முடிச்சிடறேன்" என்று தொடர்ந்தால் அந்த ஒரு இன்ச் தனியாகத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு முப்பது தடவை தீட்ட வேண்டியிருக்கும். ஐந்தாறு துண்டுகளை முன்கூட்டியே இரண்டு முனையும் தீட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் எரிச்சல் குறையும்.

டார்ச் மெஷினின் நெகட்டிவில் இருக்க வேண்டும், எர்த் கிளாம்ப் பாசிட்டிவில். ஆர்க் வெல்டிங் பழகிவிட்டு வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் மாற்றிச் செருகுவார்கள். இரண்டே நொடியில் டங்ஸ்டன் நுனி உருண்டையாகிவிடும். சூட்டில் சுமார் 70 சதவீதம் பாசிட்டிவ் பக்கம்தான் போகிறது. அது தகட்டில் விழ வேண்டுமா, டங்ஸ்டனில் விழ வேண்டுமா என்பதுதான் விஷயம்.

ஆர்கான் காற்றைவிடச் சுமார் 1.4 மடங்கு கனம். மேலிருந்து இறங்கிப் போர்வை மாதிரி குட்டையை மூடிக்கொள்ளும். ஆனால் மெல்லிய போர்வை. நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். 15-க்குத் திறந்துவிட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்காதீர்கள். வேகமாகப் பீறிடும் வாயு சுழன்று, வெளிக்காற்றையும் இழுத்துக் கலந்துவிடும். காசும் போகும். 7 கன மீட்டர் சிலிண்டர் என்பது 7,000 லிட்டர். 7 லிட்டர் வீதம் பார்த்தால் 1,000 நிமிடம் ஆர்க் எரிக்கலாம்.

இங்கே என் கதை ஒன்று. ஒரு ஓட்டலுக்கு சிங்க் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. சித்திரை மாதம், பட்டறை மேலே தகரக் கூரை. எனக்குப் பின்னால் பெடஸ்டல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பீடு பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது, கொஞ்சம் சாம்பல் நிறம். பஃபிங் போட்டால் போய்விடும் என்று விட்டுவிட்டேன். பஃபிங் போட்டதும் நிறம் போனது. அடியில் ஊசிக்குத்துத் துளைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. தண்ணீர் நிரப்பி வைத்தால் வேர்த்த மாதிரி முத்து முத்தாகக் கசிகிறது. அந்தத் தையல் முழுவதையும் அறுத்து எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஃபேன் காற்று குட்டையில் நேராகப் படவேண்டும் என்றுகூட இல்லை, சுவரில் பட்டுத் திரும்பி வந்தாலே போதும். இப்போதெல்லாம் ஃபேனை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டுதான் போடுகிறேன். தாங்கவில்லையென்றால் ஒரு பழைய பிளைவுட் பலகையை மறைப்பாக நிறுத்திக்கொள்வேன்.

முடிக்கும் இடத்தில் டார்ச்சை உடனே தூக்கிவிடக் கூடாது. ஆர்க் அணைந்த பிறகும் ஐந்தாறு நொடி வாயு வந்துகொண்டிருக்கும்படி மெஷினில் வைத்துக்கொண்டு, அதுவரை கையை அங்கேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் சிவந்திருக்கும் டங்ஸ்டன் நுனி நீலமாகக் கறுத்துவிடும், அடுத்த தொடக்கமே கெடும்.

கண் பார்க்க வேண்டிய இடம்

இனி ஆர்க். டார்ச்சைச் செங்குத்தாகப் பிடித்து, நீங்கள் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் 10, 15 டிகிரி மட்டும் சாய்த்துக்கொள்ளுங்கள். அதிகம் சாய்த்தால் சூடு முன்னால் தெறித்துப்போகும், வாயுப் போர்வையும் விலகும். டங்ஸ்டன் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒன்றரை மி.மீ., அதாவது டங்ஸ்டனின் தடிமன் அளவே. இந்தத் தூரம் மூன்று மி.மீ. ஆனால் என்ன? ஆர்க் குடை மாதிரி விரிகிறது. உளுத்தம்பருப்பில் விழவேண்டிய சூடு ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் பரவுகிறது. நடுவில் உருகாது, சுற்றிலும் சூடேறும். "ஆம்ப் பத்தலை" என்று ஏற்றுவீர்கள். அதற்கப்புறம் நடப்பதை இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் படித்துவிட்டீர்கள்.

இதற்கெல்லாம் மணிக்கட்டு எங்காவது ஊன்றியிருக்க வேண்டும். அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு ஒன்றரை மி.மீ. தூரத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றி நழுவவிட்டுக்கொண்டே போகலாம். தகடு சுட்டால் ஒரு இரும்புச் சதுரக் குழாயைப் பக்கத்தில் வைத்து அதன்மேல் கையைச் சாய்த்து ஓட்டலாம். ஆர்க் தட்டுவதற்கு முன் ஒருமுறை முழு நீளத்துக்கும் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். எங்கே முழங்கை இடிக்கிறது, எங்கே கேபிள் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். எத்தனை வருடம் ஆனாலும் இந்த ஒத்திகையை விடக்கூடாது என்பது என் கட்சி.

ஆர்க் எரிந்ததும் கண் இயல்பாகவே அந்தப் பளீர் வெளிச்சத்தைத்தான் பார்க்கும். அங்கே பார்த்துப் பயனில்லை. குட்டையின் முன் விளிம்பைப் பாருங்கள். முதலில் தகட்டின் மேற்பரப்பு மங்கலாகி, வேர்த்த மாதிரி ஆகும். அடுத்து இரண்டு தகடுகளிலும் தனித்தனியாக இரண்டு சின்ன மினுக்கம் தெரியும். அவை ஒன்றையொன்று தொட்டு, சட்டென்று ஒரே துளியாகச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கணம்தான் ராடின் முறை.

ராடைத் தகட்டோடு ஒட்டினாற்போல 15 டிகிரியில் தாழ்வாகப் பிடித்து, குட்டையின் முன் விளிம்பில் ஒரு தொடு, எடு. ஆர்க்கின் அடியில் நீட்டினால் ராடு குட்டையைத் தொடுவதற்கு முன்பே உருகி, உருண்டையாகத் தொங்கி, தப்பான இடத்தில் விழும். எடுக்கும்போதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலக்க வேண்டாம். நுனி வாயுவுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே போனால் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு அடுத்த தொடலில் பீடுக்குள் போகும். ராடு தொட்டதும் குட்டை ஒரு நொடி சுருங்கிக் குளிரும். இது முக்கியம்: ராடு உலோகத்தைக் கொடுப்பதோடு சூட்டையும் குடிக்கிறது. குட்டை மறுபடி விரிந்து பழைய அகலத்துக்கு வந்ததும் ஒன்றரை மி.மீ. நகர்ந்து அடுத்த தொடு. மீன் செதில் மாதிரி வரிசை வரிசையாகத் தெரிகிறதே, ஒவ்வொரு செதிலும் ஒரு தொடு. செதில்களின் இடைவெளி ஒரே சீராக இருந்தால், போட்டவருக்கு நகரும் தூரம் கைவந்துவிட்டது என்று அர்த்தம். செதில்களின் அகலம் ஒரே சீராக இருந்தால், சூடும் கைவந்துவிட்டது.

304-க்கு 308எல் ராடு. 1.6 மி.மீ. ராடுதான் எங்கும் கிடைக்கும், ஆனால் 1.2 தகட்டுக்கு அது தடி. அது உருகக் காத்திருக்கும் நேரத்தில் தகடு கரைந்துவிடும். 1 அல்லது 1.2 மி.மீ. ராடு கிடைக்காவிட்டால், மிக் மெஷினுக்கு வரும் 308எல் ஒயரை ஒரு முழம் வெட்டி, நேராக்கிப் பயன்படுத்தலாம்.

சில நாள் எல்லாம் சரியாகச் செய்தும் குட்டை ஒரு பக்கத் தகட்டை நோக்கியே ஒதுங்கும். உங்கள் கைமேல் பழி போடுவதற்கு முன், இரண்டும் ஒரே ஷீட்டில் வெட்டியதா என்று பாருங்கள். எஸ்எஸ்ஸில் கந்தகம் மிகச் சின்ன அளவில் மாறினால்கூட உருகிய உலோகம் ஓடும் விதம் மாறிவிடும். வேறு வேறு உருக்கில் வந்த இரண்டு தகடுகள் சேரும்போது இது நடக்கும்.

போகப்போக என்ன செய்வது

கையும் கண்ணும் பழகிய பிறகு முதலில் சொன்ன பிரச்சினைக்கே திரும்பி வருகிறோம்: தகடு சூடேறிக்கொண்டே போகிறது. பெடல் உள்ளவர் காலைக் கொஞ்சம் தளர்த்துவார். பட்டன் மட்டும் உள்ளவர் வேகத்தைக் கூட்ட வேண்டும். குட்டை அகலமாவது தெரிந்த கணத்தில், ராடை இன்னும் அடிக்கடி தொட்டு, நடையைக் கொஞ்சம் துரிதப்படுத்துங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவது தோல்வி இல்லை. தகட்டைத் தொட முடிகிற சூட்டுக்கு வரட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

நீளமான தையலை ஒரே மூச்சில் போடாமல் 40, 50 மி.மீ. துண்டுகளாகப் பிரித்து, ஒன்று இங்கே, அடுத்தது தள்ளி அங்கே என்று மாற்றி மாற்றிப் போட்டால் நெளிவும் குறையும், அகலமும் கட்டுக்குள் இருக்கும். தகட்டின் கடைசி ஓரம் இன்னொரு கண்டம். நடுவில் சூடு நாலாபக்கமும் ஓடலாம், ஓரத்தில் முன்னால் போக இடமே இல்லை. அதனால் ஓரத்தில் முடிக்காமல், ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு துண்டு முதலிலேயே போட்டு வைத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து வந்து அதில் சேர்ந்துகொள்ளலாம். முடிக்கும்போது ஆம்ப் படிப்படியாகக் குறைந்து அணையும்படி மெஷினில் வைத்து, கடைசியாக ஒரு தொடு ராடு கொடுங்கள். சட்டென்று அணைத்தால் நடுவில் குழி விழும், அந்தக் குழியில்தான் விரிசல் தொடங்கும்.

மெஷினில் பல்ஸ் (ஆம்பைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி) இருந்தால் பழகுவதற்கு அது பெரிய உதவி. உச்சம் 60 ஆம்ப், தணிவு 15, இரண்டும் சம நேரம், நொடிக்கு ஒருமுறை என்று வையுங்கள். சராசரி 37, 38 ஆம்ப்தான் வரும். உச்சத்தில் உருகும், தணிவில் உறையும். வெளிச்சம் ஏறும்போதெல்லாம் ஒரு தொடு, இறங்கும்போது ஒரு நகர்வு என்று தாளம் தானாக அமைந்துவிடும். பல்ஸ் போட்டால் கைவேலை இல்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் பேசட்டும்.

பீடு குளிர்ந்ததும் நிறத்தைப் படியுங்கள். வெள்ளியோ வெளிர் தங்கமோ இருந்தால் அருமை. நீலமும் ஊதாவும் கொஞ்சம் சூடு அதிகம், பரவாயில்லை. மங்கிய சாம்பலும் கறுப்பும் வந்தால் ஒன்று மெதுவாகப் போயிருக்கிறீர்கள், அல்லது ஆர்கான் சரியாக மூடவில்லை. இந்த நிறங்கள் எல்லாம் மேலே படிந்த ஆக்சைடு படலம் தடிப்பதால் வருபவை.

அப்புறம் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சர்க்கரை உருகிப் பொரிந்த மாதிரி கறுப்பாகச் சொரசொரத்தால், அங்கே ஆர்கான் இல்லாமல் உருகிய எஸ்எஸ் காற்றோடு கலந்துவிட்டது என்று பொருள். கைப்பிடிக் கம்பிக்கு இது போதும் என்று விடலாம். பால், சாம்பார் தங்கும் பாத்திரத்தில் விடக் கூடாது. அந்தச் சொரசொரப்பில் அழுக்கு அடையும், துரு பிடிக்கவும் அங்கேதான் ஆரம்பிக்கும். பின்பக்கமும் கொஞ்சம் ஆர்கான் விட ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு டேங்கின் உள்ளே நுழைந்து வேலை செய்வதாக இருந்தால் மட்டும் கவனம்: ஆர்கானுக்கு வாசனை கிடையாது, அடியில் தேங்கி நிற்கும், மூச்சுக்குக் காற்று இல்லை என்று தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும். வெளியே ஒரு ஆள் நிற்காமல் உள்ளே போகாதீர்கள்.

டிக் வெல்டிங்கில் புகையும் பொறியும் குறைவு என்பதால் முண்டா பனியனோடு உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புற ஊதாக் கதிர் இதிலும் கடுமைதான். சாயங்காலம் கழுத்தும் கையும் வெயிலில் வெந்த மாதிரி சிவந்துவிடும். முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய தோல் கையுறை, 9 அல்லது 10 எண் கண்ணாடி வைத்த ஹெல்மெட் மூன்றும் இல்லாமல் பட்டனை அழுத்த வேண்டாம். கண்ணில் ஆர்க் அடித்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. நடு ராத்திரியில்தான் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்த ஆரம்பிக்கும். எஸ்எஸ் புகையில் குரோமியம் இருக்கிறது என்பதால் முகத்தைக் குட்டைக்கு நேர்மேலே நீட்டாமல் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ஜிஐ தகடு என்றால் துத்தநாகப் பூச்சை விளிம்பில் நன்றாகத் தேய்த்து எடுத்த பிறகுதான்.

அலுமினியத்தில் தொடங்க வேண்டாம். அது 660 டிகிரியில் உருகும், மேலே படிந்திருக்கும் அதன் ஆக்சைடோ 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். அதற்கு ஏசி மெஷின், வேறு பழக்கம், வேறு கட்டுரை.

முதல் நாள் பழக ராடே எடுக்காதீர்கள். 18 கேஜ் வெட்டுத் துண்டு ஒன்று, உள்ளங்கை அளவு. 40 ஆம்ப். மார்க்கரில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பத்துக் கோடு. கோட்டின் மேல் வெறும் ஆர்க்கை மட்டும் ஓட்டி, உளுத்தம்பருப்பு அகலம் மாறாமல் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே தகட்டைக் குளிரவிட்டு ஐந்து; மீதி ஐந்தைக் குளிரவிடாமல் தொடர்ந்து. பிறகு தகட்டைத் திருப்பி, பின்பக்கம் தெரியும் பத்துத் தடங்களின் அகலத்தையும் ஒரு ஸ்கேல் வைத்து அளந்து, துண்டிலேயே எழுதி வையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு துண்டில் அதையே செய்து, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடைய முதல் துண்டு இன்னும் டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது. ஒன்பதாவது கோடு பாதியில் நிற்கிறது, பத்தாவது கோடு போட அதில் தகடே மிச்சமில்லை.